நாற்காலிக்குப் பின்னாலிருந்து வியன்னா

வியன்னாவுக்குப் போய்வந்தவர்கள் அதன் கோபுரங்களைப் பற்றிச் சொல்வார்கள். பானுமதியைக் கேட்டால் கற்களிலிருந்துதான் தொடங்குவாள். பழைய நகரத்துத் தெருக்களில் கையகலக் கருங்கற்களைப் பதித்து வைத்திருக்கிறார்கள். பார்க்க அழகு. அதன்மேல் ஒரு சக்கர நாற்காலியை, கனத்த உடம்புக்காரி ஒருத்தி உட்கார்ந்திருக்கும் நாற்காலியை, அரை மணி நேரம் தள்ளிப் பார்த்தால் தெரியும். தோளிலிருந்து விரல் நுனிவரை மரத்துப்போய்விடும். நாற்காலியை விட்ட பிறகும் கை கொஞ்ச நேரம் நடுங்கிக்கொண்டே இருக்கும்.

பானுமதி இலங்கை மலையகத்துக்காரி. பொகவந்தலாவை. குவைத்தில் ஜாபிரியா பகுதியில் அப்துல் ஹாதி என்பவருடைய வீட்டில் பன்னிரண்டு வருடமாக வேலை. கணவன் செத்துப் பல காலமாகிவிட்டது. ஒரே மகள் மேனுஜாவுக்குக் கல்யாணமாகி இரண்டு பிள்ளைகள். குவைத் உழைப்பில் எழும்பிய வீட்டில் மகள் குடும்பம் இருக்கிறது. “போதும், வந்துருங்கம்மா” என்று மேனுஜா போனில் சொல்வாள். வந்தால் எந்த அறையில் படுப்பது என்பதைப் பற்றி மட்டும் இருவரும் பேசமாட்டார்கள். அப்படியே ஒரு கான்ட்ராக்ட் முடிந்து அடுத்தது, அது முடிந்து அடுத்தது என்று பானுமதிக்கு நாற்பத்தெட்டு வயதாகிவிட்டது.

கடைசி இரண்டு வருடங்கள் அவளுடைய டியூட்டி இஃப்பத்தைப் பார்த்துக்கொள்வது. இஃப்பத் அப்துல் ஹாதியின் மூத்த சகோதரி. கல்யாணம் செய்துகொள்ளாதவர். அரசு அலுவலகம் ஒன்றில் பத்துப் பதினைந்து ஆண்களை அதட்டி வேலைவாங்கிய அதிகாரி. ஓய்வுபெற்ற கையோடு பக்கவாதம் வந்து இடது கால் விழுந்துவிட்டது. இடது கையும் பாதிதான். வாய்க்கு ஒன்றும் ஆகவில்லை. அரபியில் அப்பாவின் சகோதரியை “அம்மா” என்பார்கள். வீட்டுப் பிள்ளைகள் அப்படிக் கூப்பிட, பானுமதியும் அம்மா என்றே கூப்பிட்டாள். தமிழில் கூப்பிடுவதாக அவளுக்கு, அரபியில் கூப்பிடுவதாக இஃப்பத்துக்கு. இரண்டு பேருக்கும் இடையில் ஓடிய பேச்சு முழுக்கச் சமையலறை அரபிதான் என்றாலும் ஒருத்தி சொன்னது இன்னொருத்திக்குப் புரியாமல் போனதில்லை.

அந்த வருடம் ஜூலையில் குவைத் கொதித்தது. அப்துல் ஹாதி குடும்பத்தோடு வியன்னாவுக்குப் புறப்பட்டார். பானுமதி மேடம் என்று கூப்பிடும் மனைவி, மூன்று பிள்ளைகள், பெட்டிகள். தனியாக விட முடியாதென்று இஃப்பத், இஃப்பத்துக்காகப் பானுமதி.

“ஐரோப்பா போறியே, கொடுத்து வச்சவ” என்று பக்கத்து வீட்டு டிரைவர் முகம்மது ரிபாய் சொன்னார்.

“போறது நானில்ல பாய். நாற்காலி போகுது. நான் அதுக்குப் பின்னால போறேன்.”

போய் இறங்கிய இரண்டாம் நாளே அவளுக்கு ஒன்று விளங்கியது. அந்த ஊரில் கோடையில் பொழுது சாயவே சாயாது. இரவு ஒன்பது மணிக்குத்தான் சூரியன் இறங்குகிறது. இஃப்பத் ஒரு வேளைத் தொழுகையையும் விடாதவர். அவரைத் தூக்கி உட்காரவைத்து, கை கால் முகம் கழுவிவிட்டு, துணியைச் சரிசெய்து, திசை பார்த்துத் திருப்பிவைக்க வேண்டும். குவைத்தில் எட்டரைக்குள் முடிகிற கடைசித் தொழுகை இங்கே பதினொன்றைத் தொட்டது. விடிகாலைத் தொழுகையோ மூன்று மணிக்கு முன்பே. இடையில் கிடைக்கிற தூக்கமும் அறைக் கோடியில் விரித்த சோபாவில். பகலில் பிள்ளைகளின் ஈரத்துணி, மேடத்தின் இஸ்திரி, எல்லோருக்கும் தேநீர். மூன்றாம் நாள் பல் துலக்கும்போதே நின்றபடி கண்ணயர்ந்து தலையைக் கண்ணாடியில் முட்டிக்கொண்டாள்.

குடும்பம் காலையில் கடைத்தெருவுக்குப் போய்விடும். “அக்கா ரூம்ல ரெஸ்ட் எடுக்கட்டும். வெளியே கூட்டிட்டுப் போகாதே, ரோடெல்லாம் சரியில்ல” என்று அப்துல் ஹாதி சொல்லிவிட்டுப் போவார். இஃப்பத்தின் அறை ஜன்னலைத் திறந்தால் எதிர்ச்சுவரும் ஏசி குழாய்களும்தான். இஃப்பத் இரண்டு நாள் அந்தக் குழாய்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். மூன்றாம் நாள் கைத்தடியால் தரையில் தட்டினார்.

“யல்லா, கிளம்பு. என் அபாயாவை எடு.”

“எங்கம்மா? பாபா திட்டுவாங்க.” வீட்டு முதலாளியை அவள் பாபா என்றுதான் சொல்வாள்.

“அவன் பிறந்தப்போ அவனுக்குத் துணி மாத்துனவ நான். எடு.”

அப்படித்தான் பானுமதி வியன்னாவைப் பார்க்க ஆரம்பித்தாள்.

கல் தெருவில் நாற்காலியை உருட்டிப் பெரிய தேவாலயத்துக்கு முன்னால் போனார்கள். கூரை ஓடுகள் பாம்புத்தோல்போல வண்ணவண்ணமாக நெளிந்தன. வாசலில் குதிரை வண்டிகள் வரிசையாக நின்றன. வெயிலில் குதிரை மூத்திர நாற்றம் மூக்கைத் துளைத்தது. இஃப்பத் தலைத்துணி நுனியால் மூக்கை மூடிக்கொண்டே குதிரைகளை ஒவ்வொன்றாகப் பார்த்தார். தெரு முழுக்க ஆட்கள். ஒருவன் பிடில் வாசித்தான். இன்னொருவன் உடம்பெல்லாம் வெள்ளிச்சாயம் பூசிச் சிலையாக நின்றான். நடைபாதையிலேயே மேசை போட்டுக் காப்பி குடிக்கிறார்கள். ஒரு கோப்பைக்கு ஒரு மணி நேரம் உட்கார்ந்தாலும் யாரும் எழுப்புவதில்லை. மூலைக்கு மூலை குழாய். குளிர்ந்த மலைத்தண்ணீர், யாரும் குடிக்கலாம். வண்டியே வராத வெறும் தெருவில்கூடச் சிவப்பு விளக்குக்கு நின்று, பச்சை வந்த பிறகுதான் கடந்தார்கள்.

பானுமதி கவனித்தது பெஞ்சுகளை. எங்கே பார்த்தாலும் பெஞ்சு. மரத்தடியில், டிராம் நிறுத்தத்தில், சிலைக்குக் கீழே. வேலைக்காரி போல இருந்த ஒரு பெண் கூடையைக் கீழே வைத்துவிட்டுக் காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். யாரும் அவளை என்னவென்று கேட்கவில்லை. பானுமதி உட்காரலாமா என்று இஃப்பத்தைப் பார்த்தாள். இஃப்பத் பிடில்காரனைப் பார்த்துக்கொண்டிருந்தார். பானுமதி உட்காரவில்லை.

பிறகு டிராம் ஏறினார்கள். ஓட்டுநரே இறங்கிவந்து பலகையை விரித்து நாற்காலியை ஏற்ற உதவினார். உள்ளே ஒரு கிழவர் எழுந்து பானுமதிக்கு இடம் கொடுத்தார். தனக்கில்லை என்று நினைத்து அவள் பின்னால் திரும்பிப் பார்த்தாள். கிழவர் இருக்கையைக் கையால் தட்டிக் காட்டினார். உட்கார்ந்தாள். ஜன்னலில் பெரிய பெரிய வெள்ளை மாளிகைகள் ஓடின. பார்லமென்ட் என்று யாரோ யாருக்கோ சொன்னது காதில் விழுந்தது. அதற்குப் பிறகு அவளுக்கு ஒன்றும் தெரியாது.

யாரோ தோளைத் தொட்டதும் திடுக்கிட்டு விழித்தாள். டிராம் காலியாக இருந்தது. ஓட்டுநர் சிரித்துக்கொண்டு நின்றார். வெளியே கட்டடங்களைக் காணோம். சின்னச் சின்ன வீடுகள், அதற்கு அப்பால் பச்சை மலைச்சரிவு.

“ஐயோ அம்மா! எங்க வந்திருக்கோம்?”

“கடைசி ஸ்டாப்” என்றார் இஃப்பத் அமைதியாக.

“எழுப்பியிருக்கலாமே!”

“குறட்டை விட்டே. ரெண்டு வருஷத்துல நீ குறட்டை விட்டு நான் கேட்டதில்ல. அதான் விட்டுட்டேன்.”

நிறுத்தத்தில் ஒரு பெஞ்சு இருந்தது. இந்தமுறை பானுமதி கேட்காமலே உட்கார்ந்தாள். சரிவு முழுக்கத் திராட்சைக் கொடிகள் வரிவரியாக நின்றன. இஃப்பத் அழகு, அழகு என்று சொல்லிக்கொண்டிருந்தார். பானுமதி வரிசைகளைப் பார்த்தாள். அந்தச் சரிவில் யாரோ முதுகை வளைத்து ஏறி இறங்குகிறார்கள் என்ற நினைப்புதான் வந்தது. பதினாறு வயதில் தேயிலைக் கூடை தலையில் ஏறிய நாளிலிருந்து சரிவு என்றாலே அவளுக்கு முழங்கால்தான் ஞாபகம் வரும்.

போன் அடித்துக்கொண்டே இருந்தது. அப்துல் ஹாதி. இஃப்பத் எடுக்கவில்லை. பானுமதியையும் எடுக்கவிடவில்லை. ஹோட்டலுக்குத் திரும்பியபோது அவர் வாசலிலேயே நின்றிருந்தார். அக்காவிடம் பணிவாகப் பேசிவிட்டு, அக்காவை அறையில் படுக்கவைத்துவிட்டு வெளியே வந்த பானுமதியை நிறுத்தினார். அவள் பாஸ்போர்ட் அவரிடம்தான் இருக்கிறது என்பதை நினைவுபடுத்தினார். அடுத்தமுறை நேரே கொழும்புதான் என்றார். பானுமதி தலையாட்டினாள். அவர் பேசும்போது அவளுக்குத் தூக்கம் வந்தது.

அந்த வாரம்தான் ராதிகா போன் செய்தாள்.

ராதிகா யாழ்ப்பாணப் பக்கத்துச் சாவகச்சேரிக்காரி. ஜாபிரியாவில் பின்தெரு வீடொன்றில் வேலை செய்தவள். குப்பை போட வரும்போது பின்கேட்டில் நின்று இருவரும் பேசிக்கொள்வார்கள். எட்டு வருடத்துக்கு முன் அவளுடைய முதலாளி குடும்பமும் இப்படித்தான் வியன்னா வந்தது. ஒருநாள் பிள்ளைகளுக்குப் பால் வாங்கப் போன ராதிகா திரும்பவில்லை.

“அக்கா, இங்கதான் நிக்கிறியள் எண்டு கேள்விப்பட்டன். ஞாயிற்றுக்கிழமை எனக்கு வேலை இல்லை. உங்களைப் பாக்கோணும்” என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை வியன்னாவில் கடைகளைப் பூட்டிவிடுகிறார்கள். வாங்க ஒன்றும் இல்லாத ஊரில் மேடத்துக்கு இருப்புக்கொள்ளவில்லை. குடும்பம் ஒரு வேன் பிடித்து மலையடிவார ஏரி ஒன்றைப் பார்க்கப் புறப்பட்டது, மறுநாள்தான் திரும்பும். இஃப்பத்துக்கு அவ்வளவு தூரம் ஒத்துவராது என்று விட்டுவிட்டுப் போனார்கள். பானுமதி தயங்கித் தயங்கிச் சொன்னாள், பழைய சிநேகிதி ஒருத்தி வருகிறாள் என்று.

“எங்கே வர்றா?”

“பெரிய ராட்டினம் இருக்கிற பார்க்காம், அம்மா.”

“ராட்டினமா? அபாயாவை எடு.”

ராதிகா பார்க் வாசலில் நின்றிருந்தாள். ஜீன்ஸ், தலைமுடியைக் குட்டையாக வெட்டியிருந்தாள். முகம் மட்டும் வற்றிப்போயிருந்தது. ஓடிவந்து கட்டிக்கொண்டாள். பார்க்கெங்கும் கூட்டம். பிள்ளைகள் அலறின, ரயில்வண்டி தலைக்கு மேலே வளைந்து ஓடியது, வறுத்த பாதாமும் சீனியும் மணத்தன. மூவரும் ஒரு மரத்தடிக்கு ஒதுங்கினார்கள். இஃப்பத்துக்கு ஒரு ஐஸ்கிரீமை வாங்கிக் கையில் கொடுத்துவிட்டு ராதிகா குரலைத் தாழ்த்தினாள். தமிழ் அந்த அம்மாவுக்குப் புரியாது என்று தெரிந்தும் தாழ்த்தினாள்.

“இதுதான் அக்கா நேரம். பொடியங்களும் இல்லை, முதலாளியும் இல்லை. இவவை ஹோட்டல்ல விட்டிட்டு என்னோட வாங்கோ. மிச்சத்தை நான் பாக்கிறன். எனக்கு இப்ப விசா கிடைச்சிட்டுது. ஒரு லோயரைத் தெரியும்.”

“நீ எப்பிடிப் புள்ள இருக்க? மொதல்ல அதச் சொல்லு.”

ராதிகா சொன்னாள். முதல் மூன்று வருடம் நாய் படாத பாடு. ஒரு அறையில் ஆறு பேர். போலீஸைக் கண்டால் தெரு மாறி நடந்தது. இரண்டுமுறை அகதிக் கேஸ் தள்ளுபடி. இடையில் சாவகச்சேரியில் தாய் செத்துப்போனாள். போக முடியவில்லை, போனில் பார்த்தாள். இப்போது விடிகாலையில் எழும்பி அலுவலகங்களைத் துப்பரவாக்குகிறாள்.

“ஆனா ஞாயிறு எனக்கு, அக்கா. ஞாயிற்றுக்கிழமை என்னை ஒருத்தரும் எழுப்பேலாது. உங்களுக்கு அப்பிடி ஒரு நாள் இருக்கோ?”

பானுமதி யோசித்துப் பார்த்தாள். பன்னிரண்டு வருடத்தில் காய்ச்சலில் படுத்த நாட்கள்தான் நினைவுக்கு வந்தன.

அப்போது இஃப்பத் ஐஸ்கிரீம் குச்சியை நீட்டினார். குப்பையில் போடச் சொல்கிறார் என்று நினைத்துப் பானுமதி வாங்கக் குனிந்தாள்.

“இவ உன்னை இங்கேயே இருக்கச் சொல்றா. சரியா?” என்றார்.

குச்சியை வாங்க நீட்டிய கையைப் பானுமதி இழுத்துக்கொண்டாள்.

“பயப்படாதே. எங்க வீட்டிலிருந்து எத்தனை பேர் ஓடியிருக்காங்க தெரியுமா? ஓடப்போற முகம் எனக்குத் தெரியும். உன் முகம் இன்னும் அப்படி ஆகல.” அலுவலகத்தை ஆண்ட அந்தக் குரல் இறங்கிவிட்டது. “போறதா இருந்தா என்னை ஹோட்டல்ல கொண்டுபோய் விட்டுட்டுப் போ. இங்க விட்டுடாதே, பானு. இந்த ஆட்களுக்கு நான் பேசுறது புரியாது.”

“என்ன சொல்லுறா?” என்றாள் ராதிகா. ரயில்வண்டி இரைச்சலில் அந்தத் தாழ்ந்த குரல் அவளுக்குக் கேட்கவில்லை.

பானுமதி சொன்னாள். ராதிகாவுக்குக் கோபம் வந்துவிட்டது. “அது உங்கட பிரச்சினையே? அவவுக்குத் தம்பி இருக்கிறார், காசு இருக்கு, நாலு பேரை வைப்பினம். நீங்கள் உங்களைப் பாருங்கோ!”

“அவங்களுக்காக இல்ல புள்ள” என்றாள் பானுமதி. அது உண்மைதான், இஃப்பத் மேல் அவளுக்கு அப்படியொன்றும் உயிரில்லை. “எனக்கு ஏலாது. அலுத்துப்போச்சு. குவைத்துக்கு வந்தப்ப பயந்தேன், ஒரு வருஷம் பயந்தேன், பொறகு பழகிட்டேன். இனி இங்க வந்து புதுசா ஒருக்கா பயப்படணும். அதுக்குத் தெம்பு இல்ல. பத்து வயசு குறைஞ்சிருந்தா வந்திருப்பேன்.”

ராதிகா அழுதாள். பானுமதிக்கு அழுகை வரவில்லை. ராதிகாவின் தோளைத் தடவிக்கொண்டே நின்றாள். ஒரு குடும்பம் பலூனோடு அவர்களைக் கடந்து போனது.

“ஏன் அழறா?” என்று கேட்டார் இஃப்பத். “கலாஸ், அழுதது போதும். அந்த ராட்டினத்துல ஏறணும். அவளையும் வரச்சொல்லு. டிக்கெட் நான் எடுக்கிறேன்.”

ராட்டினத்தின் பெட்டிகள் ஒவ்வொன்றும் ஒரு சின்ன அறை அளவுக்கு இருந்தன. மரத்தாலானவை, சிவப்புச் சாயம் பூசியவை. நாற்காலியோடு உள்ளே போனார்கள். மெதுவாக, நகர்வதே தெரியாமல் அது மேலேறியது. நகரம் கீழே விரிந்தது. தேவாலயத்தின் கூர்முனை, ஆற்றின் பச்சைக் கோடு, கூரைகள், கூரைகளுக்கு அப்பால் மலை. இஃப்பத் ஒரு கையால் ஜன்னல் விளிம்பைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொன்றாக என்னவென்று கேட்டார்.

ராதிகா மூக்கைத் துடைத்துக்கொண்டு விரலை நீட்டினாள். அவளுக்குக் குவைத் அரபி இன்னும் மறக்கவில்லை. “ஆத்துக்கு அந்தப் பக்கம் உயரமான கண்ணாடிக் கட்டடம். அதுல மேல் மாடிகள் நான் துடைக்கிறது. இந்தப் பக்கம் பச்சைக் கூரை, அது பள்ளிக்கூடம். போன வருஷம் அங்க வேலை. அதுக்குப் பின்னால வங்கி. அங்க கழிவறை மட்டும்.”

இஃப்பத் விரல் போன இடமெல்லாம் கவனமாகப் பார்த்தார். “நல்லா சுத்தமா இருக்கு” என்றார் கடைசியில். ராதிகா சிரித்துவிட்டாள்.

மறுநாள் குடும்பம் திரும்பிவந்தது. ராட்டினத்துக்குப் போனதை இஃப்பத்தே சாப்பாட்டு மேசையில் சொன்னார். அப்துல் ஹாதி பானுமதியின் பக்கம் திரும்பினார். எத்தனை தரம் சொன்னேன், ஏதாவது ஆகியிருந்தால் யார் பொறுப்பு, அப்படி இப்படி. இஃப்பத் குறுக்கே பேச வாயைத் திறந்தார். அதற்குள் பானுமதி பேசிவிட்டாள். எப்படிப் பேசினோம் என்று பிறகு அவளுக்கே விளங்கவில்லை. கையில் தேநீர்த் தட்டு இருந்தது.

“பாபா, எனக்கு வாரத்துல ஒரு நாள் லீவு வேணும். வெள்ளிக்கிழமை.”

மேடம்தான் முதலில் பேசினாள். “அப்போ அன்னைக்கு அம்மாவை யார் பார்க்கிறது?”

“தெரியாது மேடம். எனக்குத் தூங்கணும்.”

திமிராகச் சொல்லவில்லை. மன்றாடவும் இல்லை. குழம்பில் உப்பு குறைகிறது என்று சொல்கிற குரல்தான். அப்துல் ஹாதி சட்டம் தெரியுமா என்று ஆரம்பித்தார். சட்டத்தில் அப்படித்தான் இருக்கிறது என்று இஃப்பத் அவருக்கு எடுத்துச் சொன்னார். அலுவலகத்தில் அந்தக் காகிதங்களெல்லாம் அவர் கையைத் தாண்டித்தான் போயிருந்தன. வெள்ளிக்கிழமைக்கு வேறொருத்தியைத் தானே ஏற்பாடு செய்துகொள்வதாகவும் சொன்னார். பேச்சு இரண்டு நாள் இழுத்தது. கடைசியில் பாதி நாள் என்று முடிந்தது. காலைத் தொழுகை முடிந்து சாயங்காலம் வரை.

குவைத் திரும்பிய முதல் வெள்ளிக்கிழமை பானுமதி பஸ் ஏறி அப்பாசியாவுக்குப் போனாள். அங்கே மலையகப் பெண்கள் சிலர் சேர்ந்து ஒரு ரூம் எடுத்திருந்தார்கள். லீவு கிடைக்கிறவர்கள் வந்துபோக. அவள் வருகிறாள் என்று ரொட்டியும் தேங்காய்ச் சம்பலும் செய்து வைத்திருந்தார்கள். வியன்னா எப்படி, வியன்னா எப்படி என்று சுற்றி உட்கார்ந்தார்கள். பானுமதி ராட்டினத்தைப் பற்றி இரண்டு வார்த்தை சொன்னாள். பிறகு சுவரோரம் சாய்ந்தவள்தான். சாயங்காலம் பஸ்ஸுக்கு நேரமானதும் உலுக்கி எழுப்பினார்கள். அடுத்த வெள்ளியும் அப்படியே. மூன்று நான்கு வாரம் போன பிறகுதான் அவள் அங்கே விழித்திருந்து சாப்பிட்டாள், கடைத்தெருவில் நடந்தாள், மேனுஜாவோடு அவசரமில்லாமல் போன் பேசினாள்.

அந்தக் குளிர்காலத்தில் இஃப்பத்துக்கு இரண்டாவது தடவையாகப் பக்கவாதம் வந்தது. இந்தமுறை வாயும் போய்விட்டது. பானுமதி முகம் பார்த்தே என்ன வேண்டும் என்று புரிந்துகொண்டாள். ரமதான் பிறப்பதற்குச் சில நாள் முன்பு மருத்துவமனையில் இறந்தார். அடக்கத்துக்குப் பெண்கள் போகவில்லை. வீட்டில் துக்கம் கேட்க வந்தவர்களுக்கு மூன்று நாள் காப்பி ஊற்றிக்கொண்டிருந்தாள் பானுமதி. வந்தவர்களில் யாரோ ஒரு மூதாட்டி அவள் கையைப் பிடித்து, “நீதானே பார்த்துக்கிட்டே?” என்று கேட்டபோது மட்டும் சமையலறைக்குள் போய்ச் சற்று நேரம் நின்றுவிட்டு வந்தாள்.

நாற்காலியை யாருக்கோ கொடுத்துவிட்டார்கள். இனி நோயாளி இல்லையே, வெள்ளிக்கிழமை எதற்கு என்று மேடம் ஒருநாள் கேட்டாள். பானுமதி அந்த வெள்ளியும் பை எடுத்துக்கொண்டு கிளம்பினாள். அதற்குப் பிறகு மேடம் கேட்கவில்லை.

இந்த வருடம் மறுபடியும் வியன்னா என்று பேச்சு வந்தது. மேடத்துக்கு இன்னொரு குழந்தை பிறந்திருந்தது. பார்த்துக்கொள்ளப் பானுமதி வர வேண்டும் என்றார்கள்.

“நான் வரல மேடம்” என்றாள். “அந்த மாசம் லீவு குடுங்க. ஊருக்குப் போய் மகளைப் பார்த்துட்டு வாறேன்.”

மேடத்துக்கு வியப்பு. வேலைக்காரி ஒருத்தி வியன்னா வேண்டாம் என்று சொல்லி அவள் கேட்டதில்லை. வற்புறுத்தவில்லை. ஏஜென்சி மூலம் ஒரு இளம்பெண்ணைப் பிடித்தார்கள்.

வெள்ளிக்கிழமை அப்பாசியா ரூமிலிருந்து பானுமதி ராதிகாவுக்குப் போன் போட்டு விஷயத்தைச் சொன்னாள்.

“வந்திருந்தாலும் இந்தமுறை நான் உங்களை ஒண்டும் கேட்டிருக்கமாட்டன் அக்கா” என்றாள் ராதிகா.

“தெரியும் புள்ள.”

“நேற்று முழுக்க மழை. இண்டைக்கும் மழைதான். முழங்கால் நோகுது.”

“எண்ணெய் தேச்சுக்க. சாப்பிட்டியா?”

“இனித்தான். நீங்கள்?”

“இப்பதான் சாப்பிட்டேன்” என்றாள் பானுமதி. பின்னால் யாரோ டிவி சத்தத்தைக் கூட்டினார்கள். இருவரும் இன்னும் கொஞ்ச நேரம் பேசிக்கொண்டிருந்தார்கள்.